சீலுக்கு வைத்த பொட்டு

நாகரிகம் தோன்றிய நாள்முதல் பூமியைத் துளைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கோப்பு வைத்துத் துளைத்த பெருமை நம் சுரங்கச் சாக்கடைத் தனிப்பிரிவுக்கு மட்டுமே உரியது. 1996இல் சென்னை லஸ் முனைக்கு முப்பது அடி கீழே, மேலே ஓடும் 21ஆம் நம்பர் பஸ்ஸையோ காபிக்கொட்டை வறுக்கும் கடையையோ அசைக்காமல், வெளிநாட்டிலிருந்து வந்த துளைப்பு இயந்திரம் மண்ணைத் தின்றுகொண்டே போனது. மேலே இருபத்தேழு அதிகாரிகள் அதை ‘வழிநடத்தினார்கள்’. கீழே வலியுல்லா ஓட்டினார்.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் கை பழகிய வலியுல்லாவுக்கு இங்கே பதினோரு வருடமாகத் தினக்கூலிதான். இயந்திரம் மந்தைவெளியைத் தொட்டுவிட்டால் வேலை நிரந்தரம் என்று வாய்மொழி உத்தரவு. அதனால் ஐந்து வேளைத் தொழுகையிலும் அதற்காகவும் அல்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பழைய சீல் கசிந்தது. சுழலும் பாகத்துக்குள் சேறு புகாமல் காப்பதுதான் சீல். இரண்டு வளையங்கள், கண்ணாடிபோல் இழைத்த அவற்றின் முகங்கள் ஒன்றையொன்று ஒட்டிச் சுழலும். நடுவே ஒரு பொடி விழுந்தாலும் போச்சு. புது சீல் விமானத்தில் வந்தது. விமானத்தில் வந்தவருக்கு மரியாதை செய்யாமல் விடுவார்களா? மேஜைமேல் பட்டுத்துணி, வாழைப்பழம், ஊதுவத்தி. செயற்பொறியாளர் வெங்கடரமணன் சந்தனக் கிண்ணத்தோடு நெருங்கினார்.

வலியுல்லா பதறினார். “சார், சார்! அந்த மூஞ்சில மட்டும் கை வெச்சிடாதீங்க. விரல் பட்டாலே கெட்டுப்பூடும்.”

“என்னப்பா இது? முகத்துல வைக்காம பொட்டை முதுகுலயா வைப்பா? நம்மாத்துல அரைச்ச சந்தனம்பா, கடைச் சரக்கு இல்லே.”

மூன்று சந்தனம், மேலே மூன்று குங்குமம். லட்சணமாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. வலியுல்லா ஸ்பிரிட்டில் நனைத்த துணியை எடுத்தார்.

“பொட்டை அழிக்கப் போறியா? நீயா?” என்றார் வெங்கடரமணன்.

அந்த ‘நீயா’வில் வலியுல்லாவின் பெயர், குல்லா, தாடி எல்லாமே அடங்கியிருந்தன. அவர் துணியை மடித்து வைத்துவிட்டார். சீலை மாட்டி முடிக்கும்வரை பொட்டுக்குக் காவலாக ஓர் உதவிப் பொறியாளர் கூடவே நின்றார்.

மூன்றாம் நாள் சேறு உள்ளே புகுந்தது. இயந்திரம் இறுகி நின்றது. மேலே கச்சேரி சாலை ஒரு முழம் இறங்கியது. உடனே விசாரணைக் குழு கூடியது. அதைவிட உடனே போண்டா வந்தது. குழுத் தலைவர் ராமானுஜம், கழற்றி வந்த சீலை முகர்ந்தே பார்த்துவிட்டுக் குறிப்பெழுதச் சொன்னார்: ‘அந்நியப் பொருள் காணப்பட்டது. நிறம் மஞ்சள், சிவப்பு. மணம் திருப்திகரம்.’

பிறகு கேட்டார்: “சீலை யார் யார் தொட்டது?”

“பதிவேட்டுல வலியுல்லா பேர் மட்டும்தான் சார் இருக்கு,” என்றார் வெங்கடரமணன், சட்னியைப் பார்த்தபடி.

“பூஜை ஏதாவது?”

“ஆபீஸ்ல பூஜை பண்ண விதியே கெடையாதே சார். அதனால நடக்கலே.”

“எம் பொண்டாட்டி ஹாஜிரா பீகிட்ட போயி குங்குமம் வாங்கியாந்தேனா சார் நானு? இன்னா சார் நாயம் இது?” என்று வலியுல்லா கத்தியே விட்டார்.

கூச்சலைக் குறிப்பில் ஏற்றும் வழக்கம் இல்லை. மாலையே உத்தரவு வந்தது: ‘மதச்சார்பற்ற அரசுக்குச் சொந்தமான இயந்திரத்தில், தன் சொந்த மத வழக்கப்படி சந்தனமும் குங்குமமும் இட்ட குற்றத்துக்காக, தினக்கூலி மெக்கானிக் வலியுல்லா இன்றுமுதல் நீக்கப்படுகிறார்.’