பெரட்டு அப்பாவின் மூன்று கேள்விகள்

இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதிலும் பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஆண் ஒருவர்தான் இருந்தார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். நாங்களெல்லாம் பிள்ளை பெற்றவர்களாம், அவர் மட்டும்தான் வளர்ப்பவராம். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆட்டோ ஓட்டுபவர். தோட்டத்தில் போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாறை. சவாரி இல்லாத நேரமெல்லாம் அதில் ஏறி நின்று, தன்னம்பிக்கையுள்ள பிள்ளைகளை உருவாக்குவது எப்படி என்று கோட்டுப் போட்ட ஒருவர் பேசும் வீடியோக்களைப் பார்ப்பார். மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். ஆகவே பாதி அறிவுரை கோட்டுக்காரருடையது, மீதி இவருடைய சொந்தச் சரக்கு.

பிள்ளையோடு தினமும் காலையில் பேசுங்கள் என்று கோட்டுக்காரர் சொன்னதோடு ஒரு நாள் மேகம் இறங்கிவிட்டது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. இவருக்குத் தெரிந்த காலைப் பேச்சு ஒன்றுதான், பெரட்டு. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று கங்காணி பிரித்து அனுப்புவாரே, அதேதான். ஒரே மகள் சிந்துஜாவை முதலாம் தரத்திலிருந்து தினமும் தங்கள் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் பெரட்டு அப்பா ஆனார். அவள் எட்டாம் தரத்துக்கு வந்த பிறகும் பெரட்டு இப்படித்தான் நடந்தது:

"பேரு?"

"சிந்துஜா."

"இன்னைக்கி என்ன பயம்?"

"சேரு குருதிச் சுற்றோட்டம் கேப்பாரு."

"அதுக்கு என்ன செய்யப் போற?"

"தெரியாதுன்னு சத்தமா சொல்லப் போறேன்."

"போ."

அந்த சேர் நான்தான். சிந்துஜா எழுந்து, என் கண்ணைப் பார்த்து, தெரியாது என்பதை அவ்வளவு கம்பீரமாகச் சொல்வாள். எனக்கே தெரியுமா என்று சந்தேகம் வந்துவிடும்.

பிள்ளையைப் பாராட்டக் கூடாது, அதன் முயற்சியைத்தான் பாராட்ட வேண்டும் என்று மற்றொரு வீடியோ சொன்னது. அன்றிலிருந்து மகள் தட்டைக் கழுவி வைத்தால், அந்த முயற்சியை மதிப்பதாக மேடைத் தமிழில் அறிவிப்பார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே அவர் மனைவி ஒரு நாள் கேட்டார், "காலையில இருந்து இருவது கிலோ பறிச்சிருக்கேன். எம் முயற்சிய மதிக்க எந்த வீடியோவும் வரலியா?" பெரட்டு அப்பா உடனே பாறைக்குப் போய்விட்டார்.

கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதானா, எந்தப் பக்கம் போக வேண்டுமென்று அதற்கு எப்படித் தெரியும் என்று சிந்துஜா தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டாள். நிரம்பி வழிந்த பஸ்ஸில் உள்ளே போ, உள்ளே போ என்ற கண்டக்டரிடம், அந்த உள்ளே எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். பெரட்டு அப்பா பெருமையில் இரண்டு நாள் சவாரி போகவில்லை.

இதில் வேடிக்கை, அந்த மனிதருக்குத் தைரியம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஜீப் பழுதான ஒரு நாள் தோட்டத்துத் துரை இவருடைய ஆட்டோவில் ஏறிக் கண்ணயர்ந்துவிட்டார். எங்கே போகவேண்டும் என்று அவரை எழுப்பிக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. பதுளை பஸ் நிலையம் வரைக்கும் ஓட்டிவிட்டார். துரை போக வேண்டியிருந்தது கீழே இருக்கிற தேயிலை ஃபெக்டரிக்கு.

சிந்துஜா ஒன்பதாம் தரத்துக்கு வந்தாள். எங்கள் பாடசாலையில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. படிக்க வேண்டுமென்றால் இருட்டோடு மலையிறங்கி பசறைக்கு பஸ் பிடிக்க வேண்டும். அனேகமான பெண் பிள்ளைகள் அத்தோடு நின்றுவிடுவார்கள். பத்தாம் தரம் தொடங்கலாமா என்று பெற்றோரின் வாயால் கேட்டறிய ஒரு கல்வி அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. யார் பேசுவது? தன்னம்பிக்கைக்கே தகப்பன் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று எல்லோரும் சேர்ந்து பெரட்டு அப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வேண்டுமே, அதுவும் அவரிடம் இல்லை.

கூட்டத்தன்று சலவைச் சட்டையோடு வந்தார். மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் அதிகாரியைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மைக்கில் அவர் மூச்சு மட்டும்தான் கேட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படித்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வரிசையிலிருந்து சிந்துஜா எழுந்தாள்.

"பேரு?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பெரட்டு அப்பா மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

"சிந்துஜாவோட அப்பா."

"இன்னைக்கி என்ன பயம்?"

"பெரிய சேரு முன்னுக்கு நிக்கிறது. அதவிட, அடுத்த வருசம் நீ படிக்காம வீட்டுல நிக்கிறது."

"அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"பத்தாம் வகுப்பு கேக்கப் போறேன்." அதிகாரி பக்கம் திரும்பினார். "கேட்டுட்டேங்க."

"போங்க," என்றாள் மகள். அவர் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு பதினொரு பெற்றோர் தாங்களாகவே எழுந்து பேசினார்கள்.

அடுத்த தை மாதம் இரவல் மேசைகளோடு பத்தாம் தரம் தொடங்கியது. சிந்துஜா முதல் வரிசையில் உட்கார்ந்து, தெரியாததைத் தெரியாது என்று தொடர்ந்து சத்தமாகச் சொன்னாள்.

இப்போது எனக்கும் ஒரு மகள். பதுளையில் வீடு, எந்த மேகத்துக்கும் சிக்னல் போவதில்லை. கோட்டுக்காரரை ஒன்று விடாமல் முழுதாகப் பார்க்கிறேன். ஆனாலும் காலையில் பிள்ளையை வாசலில் நிறுத்தினால் என் வாயில் வருவது அந்த மூன்று கேள்விகள்தான். அவள் சின்னவள், பேரை மட்டும் சொல்வாள். இரண்டாவது கேள்விக்கு நான்தான் மனதுக்குள் பெரட்டு அப்பாவிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன்: உங்களைப் போல ஒரு தகப்பனாக இருக்க எனக்கு வருமா என்பதுதான் பயம், அண்ணே.