புலி ஓட்டிய பிக்கப் வண்டி

ஒரு காட்டில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. காட்டில் எதற்குச் செக்போஸ்ட் என்று கேட்கக் கூடாது. காடு இருந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் குறுக்கே ஒரு மூங்கில் கழி வரும், கழி வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நாலு பேர் வருவார்கள். இந்தக் காட்டில் அந்த நாலு பேரும் செந்நாய்கள்.

அந்தக் காட்டு மலைச்சரிவில் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி கூராயியும் கிழங்கு போட்டுப் பிழைத்து வந்தார்கள். நல்ல மண், நல்ல கிழங்கு. ஆனால் சந்தை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாடகைக்குக் காட்டெருமை பிடித்து அதன் முதுகில் மூட்டைகளை ஏற்றி அனுப்புவார்கள். செக்போஸ்ட் தாண்டும்போது மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஒரு நாள், கிழங்கில் மண் ஒட்டியிருக்கிறது என்று இறக்குவார்கள். மறுநாள் மண்ணைக் கழுவிக் கொண்டுபோனால், மண்ணே இல்லையே, இது எங்கே திருடியது என்று இறக்குவார்கள்.

போன வருடம் இப்படியே போய், கடைசியில் விதைக்கு வைத்திருந்த கிழங்கில் பாதியைத் தின்னும்படி ஆயிற்று. இந்த வருடமும் அப்படி நடந்தால் நடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சரிவை விட்டுவிட்டு, குரங்குகளின் வாழைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். முள்ளம்பன்றிக்கு வேலை கொடுப்பார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள்.

ஆகவே சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதுதான் முடிவாகவில்லை.

விலைக்கு இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, ஓய்வுபெற்ற கொக்கு வாத்தியார் வைத்திருந்தது. வாராவாரம் கழுவி, எண்ணெய் மாற்றி, எல்லாக் காகிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த வண்டி. இன்னொன்று, காட்டுத் தலைவர் புலி ஐயா ஓட்டிக்கொண்டிருந்த பழைய டீசல் பிக்கப். ஐயா புது வண்டிக்குச் சொல்லியிருந்ததால் பழையதைத் தள்ளிவிடும் பொறுப்பைத் தரகர் உடும்பிடம் கொடுத்திருந்தார். (புலியை மட்டும் ‘அவர்’ என்று எழுதுகிறேன். நானும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.)

ஊசிமுத்து முறையானவன். வண்டி பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போக வேண்டும் என்று மரங்கொத்தியைக் கூட்டிப்போனான். அந்தத் தொழிலில் மரங்கொத்தியை விட்டால் ஆள் கிடையாது. அலகால் நாலு தட்டுத் தட்டினால் எங்கே தகரம், எங்கே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

வாத்தியார் வண்டியை அது பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தது. குறை ஒன்றும் இல்லை என்றது. அடுத்து ஐயா வண்டிக்கு வந்தார்கள். முதலில் மரங்கொத்தி பானெட்டின் மேல் இறக்கையை வைத்துப் பார்த்தது. காலையிலிருந்து வண்டியை எடுக்கவே இல்லை என்று உடும்பு சொல்லியிருந்தது, ஆனால் பானெட் சுட்டது. ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டதற்கு, வெயிலுங்க என்றது உடும்பு. அப்போது நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

உடும்பு விடவில்லை. ஒரே ஓனர் என்றது. ஐயா வண்டியில் கறி லோடு தவிர வேறு லோடு ஏற்றியதே இல்லை, அதுவும் மான், மிளா மாதிரி லேசான உருப்படிகள்தான் என்றது. ஊசிமுத்து பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை.

மரங்கொத்தி தட்டிக்கொண்டே வந்தது. இடது கதவில் தட்டியபோது அலகு உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து வந்த கரியில் பக்கத்து மரத்துக் குயில் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

“தம்பி, இதை வாங்குறதும் ஒண்ணுதான், குழி தோண்டிப் படுத்துக்கிறதும் ஒண்ணுதான்” என்றது மரங்கொத்தி. “என்ஜின் ஒரு மாசம் தாங்கும். அதுவும் நீ ஓட்டாம இருந்தா.”

முள்ளம்பன்றி குழி தோண்டித்தான் படுக்கும் என்பதை ஊசிமுத்து எடுத்துச் சொல்லவில்லை. அவன் வாத்தியார் வண்டிக்கு மனதுக்குள் பொட்டு வைத்துவிட்டான். இருந்தாலும் வந்ததற்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள் என்று உடும்பு கெஞ்சியதால், கணவனும் மனைவியும் ஏறிச் செக்போஸ்ட் வரைக்கும் போய் வந்தார்கள். இறங்கியதும் கூராயி இந்த வண்டியையே எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

ஊசிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெக்கானிக் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டான்.

“விழுந்துச்சுங்க. அது என்ஜினைப் பார்த்துச்சு, நான் கழியைப் பார்த்தேன். நாம போறதுக்கு முன்னாடியே அது தானா எந்திரிச்சு நின்னுச்சு.”

உண்மைதான். வண்டியின் முன்கண்ணாடியில் மேலே இந்தக் கோடிக்கு அந்தக் கோடி சிவப்பு எழுத்தில் ‘புலி’ என்றும், அதன்கீழ் கொஞ்சம் சின்னதாகக் ‘காட்டுத் தலைவர்’ என்றும் எழுதியிருந்தது. அதைத் தூரத்தில் பார்த்ததுமே நாலு செந்நாய்களும் எழுந்து நின்றுவிட்டன. ஒன்று வாயிலிருந்த பீடியை விழுங்கிவிட்டது.

அன்றைக்கே பேச்சு முடிந்தது. இந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டியதை உடும்பும் சொன்னது. பேர் மாற்றித் தருவது தன் பொறுப்பு, பத்தே நாளில் வண்டிப் புத்தகம் உங்கள் பேருக்கு வந்துவிடும் என்றது. தரகுக்கு வந்த நாளிலிருந்து எல்லாரிடமும் அது சொல்லிவரும் பொய் அது.

“வேண்டாம், மாத்தாதீங்க” என்றாள் கூராயி.

தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் இருந்தாலே போதும் என்று சொன்ன வாடிக்கையாளரை உடும்பு வாழ்க்கையில் பார்த்ததில்லை. நெகிழ்ந்துபோய் ஒரு ஸ்டெப்னி டயரைச் சும்மா கொடுத்தது.

ஊசிமுத்துவால்தான் பொறுக்க முடியவில்லை. அடுத்தவர் பேரில் வண்டி ஓட்டுவது தப்பு என்று அவனுக்குப் பட்டது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாகன அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றான். அங்கே குமாஸ்தா ஆமை. வரிசை நகர்கிறதா, நிற்கிறதா என்பது நிற்பவர்களுக்கே தெரியாது. மூன்றாம் நாள் ஜன்னல் கிட்டே வந்தான். அவன் பின்னால் பதினேழு மான்கள் நின்றன.

ஆமை படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தது. முந்தைய உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் மறுபடியும் மேலிருந்து படித்தது. பிறகு, பழக்க தோஷத்தில், எல்லாரிடமும் சொல்வதையே சொன்னது.

“பழைய ஓனர் இங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

ஊசிமுத்து திரும்பிப் பார்த்தபோது வரிசையே இல்லை. பதினேழு செருப்பு ஜோடிகள் மட்டும் வரிசையாக நின்றன. முன்பக்கம் திரும்பினால் ஆமையின் தலையும் இல்லை. தான் சொன்னதன் பொருள் அதற்கு அப்போதுதான் உறைத்திருந்தது. இது அவசரமில்லாத வேலை, அடுத்த ஆட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. படிவத்தையும் அது வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே முதல் லோடு. இருபது மூட்டை ஏற்றினார்கள். வண்டி முதல் வளைவில் இருமியது, இரண்டாம் வளைவில் உறுமியது, மூன்றாம் வளைவில் செக்போஸ்ட்டுக்கு இருபதடி முன்னால் ‘டமார்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுபோனது. இந்த இடத்தில் நீங்கள், மெக்கானிக் பேச்சைக் கேட்காதவனுக்கு இதுதான் கதி என்று தலையாட்டுவீர்கள். பக்கத்து மரத்திலிருந்து மரங்கொத்தியும் தலையாட்டியது.

நாலு செந்நாய்களும் வந்து வண்டியைச் சுற்றி நின்றன. மூட்டைகளைப் பார்த்தன. நாக்கில் நீர் சொட்டியது. பிறகு கண்ணாடியைப் பார்த்தன. நாக்கு உள்ளே போனது.

இது ஐயா வண்டியா என்று மூத்த செந்நாய் பணிவாகக் கேட்டது. ஐயா இதை விற்றுவிட்டார், நாங்கள் வாங்கிவிட்டோம் என்று சொல்ல ஊசிமுத்து வாயைத் திறந்தான். கூராயி அவன் காலை மிதித்தாள்.

“வண்டி நின்னுபோச்சுங்க” என்றாள். “ஐயாகிட்ட போய்ச் சொல்லணும்னா நீங்களே சொல்லிடுங்க.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செந்நாய்கள் தள்ளிப் போய்க் கூடிப் பேசின. ஐயா வண்டி தங்கள் செக்போஸ்ட்டுக்கு நேர் எதிரில் நின்றுபோனது என்று ஐயாவிடம் போய்ச் சொல்வது யார் என்பதில் அவற்றுக்குள் உடன்பாடு வரவில்லை. கடைசியில் நாலும் வண்டிக்குப் பின்னால் போய்த் தோள் கொடுத்தன. மலை உச்சி வரை தள்ளின. உச்சியிலிருந்து சந்தை வரை கூடவே ஓடிவந்தன. மூட்டைகளையும் இறக்கிக் கொடுத்தன. இருபது மூட்டை ஏற்றி இருபது மூட்டை இறங்கியதை ஊசிமுத்து வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுவாரம் மரங்கொத்தி வந்தது. சொன்னேனே, கேட்டாயா என்ற முகத்தோடு, என்ஜினைக் கழற்றி இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும் என்றது. இறக்கிவிடுங்கள் என்றாள் கூராயி. இறக்கியது. எப்போது மாட்ட வேண்டும் என்று கேட்டது. மாட்டச் சொன்னது யார் என்று கேட்டாள் கூராயி. என்ஜின் இருந்த இடத்தில் இன்னும் மூன்று மூட்டை பிடித்தது.

சந்தை நாள் வந்தால் செந்நாய்களே சரிவுக்கு இறங்கி வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போயின. இந்த முறை வண்டி கொஞ்சம் இலகுவாக இருக்கிறதே என்று ஒன்று சொன்னது. சர்வீஸ் விட்டோம் என்றாள் கூராயி.

வாத்தியார் வண்டியை ஒரு முயல் வாங்கியிருந்தது. தொட்டால் ஸ்டார்ட் ஆகும் வண்டி, எல்லாக் காகிதமும் கையில். செக்போஸ்ட்டில் உறையைப் பிரித்துக் காட்டியபோது, எல்லாமே சரியாக இருக்கிறதே, எதை மறைக்கிறாய் என்று கேட்டு முள்ளங்கி லோடில் பாதியை இறக்கிவிட்டார்கள். தள்ளித் தள்ளிச் செந்நாய்களுக்குப் பசி வேறு அதிகமாகியிருந்தது.

ஊசிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த சந்தைக்கு முயலின் வண்டியைத் தன் வண்டிக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். முயல் நல்ல என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. போகிற வழியில் அது ஆர்வத்தோடு ஒன்று கேட்டது.

“அண்ணே, இது என்ன மைலேஜ் குடுக்குது?”

“நாலு செந்நாய்க்கு ஒரு சந்தை” என்றான் ஊசிமுத்து.

அதற்கடுத்த சந்தைக்கு மூன்று வண்டிகள் சேர்ந்தன. பருவம் முடிவதற்குள் ஏழு நல்ல வண்டிகள், ஏழும் என்ஜினை அணைத்துவிட்டு, என்ஜினே இல்லாத ஒரு வண்டியின் பின்னால் மலையேறின. செந்நாய்கள் மேலதிகாரியிடம் ஆள் போதவில்லை என்று மனுக் கொடுத்து, இன்னும் எட்டுப் பேரை வாங்கிக்கொண்டன.

கடைசி லோடு வந்தது. அது முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் வளையில் இருக்கும் விதைக் கிழங்கைத் தொட வேண்டியதில்லை. எல்லா வண்டிகளும் மலையேறிக்கொண்டிருந்தபோது, ஒன்றுதான் போக முடியும் என்ற குறுகலான வளைவில், எதிரே ஒரு புத்தம்புது வண்டி இறங்கி வந்தது. உள்ளே புலி ஐயா இருந்தார். பெயின்டர் இன்னும் வராததால் அவருடைய முன்கண்ணாடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஊசிமுத்துவின் முள்ளெல்லாம் சிலிர்த்துச் சீட்டைக் கிழித்தது. ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் போகும், லோடு போகும், சரிவு போகும். வாழைத் தோட்டம் அவன் கண்ணெதிரே வந்து நின்றது. கூராயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசுவதற்கு அவளுக்கும் அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பின்னால் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்த பன்னிரண்டு செந்நாய்களுக்கு எதிரே வந்தது யாரென்று தெரியவில்லை. வண்டி நகரவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. மூத்த செந்நாய் தலையைத் தூக்காமலே ஒரு அதட்டுப் போட்டது.

“எவன்டா அது? ஐயா வண்டி வருது, ரிவர்ஸ் எடு.”

புலி ஐயா எதிர்க் கண்ணாடியிலிருந்த தன் பெயரைப் பார்த்தார். அதன்கீழ் இருந்ததையும் படித்தார். நான் இங்கே இருக்கிறேன் என்றால் அங்கே வருவது யார் என்று அவர் யோசித்திருக்கலாம். ஆனால் அந்த அதட்டல் அவரே சோறு போட்டு வளர்த்தது. அதைக் கேட்டவர்கள் ஒதுங்கித்தான் அவர் பார்த்திருக்கிறார், வேறு எதுவும் செய்து பார்த்ததில்லை. ஐயா ரிவர்ஸ் எடுத்தார். பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கும் வரை எடுத்தார். எடுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, ஓரமாக நின்றார்.

எட்டு வண்டிகளும் அவரைக் கடந்து போயின. ஊசிமுத்து நேராகப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். கூராயிதான் ஐயா பக்கம் திரும்பி, போகட்டும் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். புலி ஐயா கும்பிட்டார்.

அந்த வருடம் விதைக் கிழங்கு முழுவதும் மண்ணுக்குள் போனது.

நீதி (பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்): என்ஜினைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. ஓடுகிற வண்டியை நிறுத்துவார்கள், ஓடாத வண்டியைத் தள்ளிவிடுவார்கள். கண்ணாடியில் எழுத்து மட்டும் அழியாமல் இருக்க வேண்டும்.