கேசரிக்குப் போன வார்த்தை

ஒரே பொருள் தரும் பல சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்ததெல்லாம் சுத்தப் பொய். அடித்துச் சொல்வேன். ஒரு தம்ளர் காபியில் நான் கற்ற பாடம் இது.

அப்போது கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஒரு சொல் இரண்டாம் முறை வந்தால், அதை அடித்துவிட்டு வேறு சொல் போடாமல் எனக்குச் சோறு இறங்காது. (கல்யாணப் பத்திரிகையில் இருந்த மூன்று 'திரு'வில் இரண்டை மாற்றி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.)

இடைசெவலுக்குப் பெண் பார்க்கப் போகும்போது அம்மா பஸ்ஸிலேயே சொன்னாள்: "ஏலே, எதக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

வைக்கிற ஒவ்வொன்றுக்கும் அதே சொல்லா? தொழில் தர்மம் என்னாவது?

பெண் பெயர் கனி. பார்த்த நிமிடமே பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அந்தத் தெம்பில் அவள் அத்தை கிண்டிய கேசரிக்கு "அருமை" என்றேன். அவள் அம்மா சுட்ட உளுந்த வடைக்கு "பிரமாதம்". சித்தியின் காரச்சேவுக்கு "அபாரம்". மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

கடைசியில் கனி தன் கையால் போட்ட காபி வந்தது. நல்ல காபிதான். ஆனால் என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. துழாவியதில் அகப்பட்டதை எடுத்து விட்டேன்: "பரவாயில்லை."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கனி விறுட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காப்பி கெடக்கட்டும் தம்பி. பிள்ளையப் பத்தி என்ன சொல்லுதீங்க?"

வாயைத் திறந்தேன். அருமை கேசரிக்குப் போயிருந்தது. பிரமாதம் வடைக்கு, அபாரம் சேவுக்கு. சொன்னதையே திருப்பிச் சொல்லத் தொழில் தர்மம் விடவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து அவர் எழுந்தே விட்டார். "சரி, இஷ்டமில்ல போல. போயி யோசிச்சுச் சொல்லி விடுங்க."

நானும் பதறி எழுந்தேன். "பிடிச்சிருக்கு" என்றேன். அவர் நின்றார். "ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா. நெசமாவே பிடிச்சிருக்கு." ஒரே சொல், மூன்று தடவை. ஒன்றைக்கூட அடிக்கத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து கனியின் குரல் வந்தது. "எம்புட்டுன்னு கேளுங்கப்பா. கேசரி அளவுக்கா, காப்பி அளவுக்கா?"

அத்தைதான் முதலில் சிரித்தாள். அதன்பிறகு தாம்பூலம் மாற்ற நேரமாகவில்லை.

இன்று எங்களுக்குக் கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். கனி புதுச்சேலை கட்டி வந்து நிற்கும்போது, "அருமையா இருக்கு" என்று நான் மறந்துபோய்ச் சொன்னால் போதும். அம்மாவும் மகளும் ஒரே குரலில் ஆரம்பித்துவிடுவார்கள்:

"அந்த வார்த்தையத்தான் அன்னைக்கே கேசரிக்குக் குடுத்தாச்சே."