மறுபடி அண்ணனின் கட்டைவிரல்

கம்ப்யூட்டரை மறுபடி அண்ணன் வெறுத்த அளவுக்கு உலகத்தில் வேறு எந்த மனிதரும் வேறு எந்தப் பொருளையும் வெறுத்திருக்க முடியாது. பாம்பை வெறுப்பவர்கள்கூட பாம்பு கண்ணில் படாத நேரத்தில் நிம்மதியாக இருப்பார்கள். அண்ணன் வாரச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டுதான் பொறுக்குவார். இதில் விசேஷம், அவருடைய உத்தியோகமே கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று எங்கள் ஆபீசில் ஒரு நல்ல நாளில் சொன்னார்கள். மறுவாரமே பெங்களூரைக் காலி செய்துவிட்டு, கொல்லிமலையில் செம்மேட்டுக்கு வந்து ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். கூடவே என் சாமான்கள்: இரண்டு திரைகள், தட்டினால் டைப்ரைட்டர்போலச் சத்தம் போடும் விலையுயர்ந்த கீபோர்டு, ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லும் வாட்ச், கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு பெரிய பேட்டரி. மலையில் அமைதியாக உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது திட்டம். திட்டம் போடுவதில் சாப்ட்வேர்காரனை மிஞ்ச ஆளில்லை.

என் அறைக்கு நேர் கீழே ஒரு தனியார் கம்பெனியின் மிளகு கொள்முதல் நிலையம். அங்கிருந்து காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும் அந்தக் குரல்.

"மறுபடி வைங்க."

கொஞ்சம் இடைவெளி. பிறகு 'கீய்ங்' என்று ஒரு மிஷின் சத்தம்.

"மறுபடி வைங்க சாமி. அழுத்தாம வைங்க. பூ வெக்கறாப்புல வைங்க."

மறுபடியும் கீய்ங். சாயங்காலம் வரை இதேதான். என் பெங்களூர் மேலாளர் அம்மாள் முதல் வாரம் மீட்டிங்கில் கேட்டார்: "யாரு அது, உங்க டீமா?" சத்தத்தை அடக்கும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன். அது பஸ் சத்தத்தை அடக்கியது, தகரத்தில் விழும் மழையை அடக்கியது, ஒருநாள் வாசலில் லாரி டயர் வெடித்ததைக்கூட அடக்கியது. மறுபடி அண்ணனை அடக்க அதனால் முடியவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சண்டை போடக் கீழே இறங்கினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், காதில் பேனா, தோளில் துண்டு, எதிரே கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரின் தலையில் பாதி சாக்கு. பனி இறங்கினால் உள்ளே ஈரம் போய்விடுமாம். சுவரில் சாக்பீஸால் முழ உயரத்துக்கு எழுதியிருந்தது, அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு.

என் சண்டை எனக்கே மறந்துபோனது. "அண்ணா, பாஸ்வேர்டை இப்படி எழுதி வைக்கலாமா? திருடன் வந்தா?"

"திருடனுக்குத்தானுங்க எழுதி வெச்சிருக்கறேன். தெரியலைன்னா கோவத்துல மிஷினை ஒடைச்சுட்டுப் போயிருவான். இருக்கறத நிம்மதியாப் பாத்துட்டுப் போவட்டுமே."

இருபது வருடமாகப் பாதுகாப்பு பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் எதிலும் திருடனின் நிம்மதியைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. 

மிளகு கொண்டுவருகிறவர், தீப்பெட்டி அளவிலான ஒரு மிஷினில் விரலை வைக்க வேண்டும். பதிந்து வைத்த ரேகையோடு பொருந்தினால் பச்சை விளக்கு. பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கும் அந்தக் கீய்ங்கும். மூன்று முறை சிவப்பு எரிந்தால் அன்றைக்கு அவர் அட்டை பூட்டிக்கொள்ளும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

கதையின் கோளாறு இங்கேதான். வருஷமெல்லாம் மிளகுக் கொடியை உருவி, மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கித் தோலுரித்து, மண்ணும் கல்லும் புரட்டிய கைகளில் ரேகை எங்கே இருக்கும்? கட்டைவிரல் கூழாங்கல்லாக வழவழவென்று இருக்கும். மிஷினுக்கு அது விரலாகவே தெரியாது.

அண்ணன் அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த ஆளுக்கு எந்த விரல் பிடிக்கும், என்ன செய்தால் பிடிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். 'செல்லாயி, குண்டூர் நாடு: எடது மோதிர விரலு. தலையில தேச்சுட்டு வெக்கோணும்.' 'நடுவூட்டுக்காரர்: வலது சுண்டுவிரலு. வெந்நீர். பேச்சுக் குடுத்துக்கிட்டே வெக்கோணும், இல்லீன்னா நடுங்கும்.' நானூறு பேருக்கு இருந்தது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் பத்துப் பேர் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் இப்படி ஒன்று செய்திருக்க மாட்டோம்.

என் சாமான்கள்மேல் அவருக்கு இருந்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மாடிக்கு வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். வாட்ச் அதிர்ந்தது.

"என்னுங்க இது, துடிக்குது?"

"ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேனாம். எந்திரிக்கச் சொல்லுது."

"அட! எங்கூட்டுல இதுக்குன்னே ஒருத்தி இருக்கறாளுங்க. சார்ஜே போட வேண்டியதில்ல." கீபோர்டை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். "இத்தன சத்தம் போட்டு எழுதறீங்க. எழுதறதை ஆராச்சும் படிக்கறாங்களா?"

"மிஷின்தாண்ணா படிக்கும்."

"அதான பாத்தேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

ஒருநாள் அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது திரையை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு பெரியவருக்கு அட்டை பூட்டிக்கொண்டது. சிவப்புக் கட்டத்துக்குள் தமிழில் ஒரு வரி வந்தது: 'தங்கள் முயற்சிகள் நிறைவுற்றன. நாளை வருக.'

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். 'நிறைவுற்றன' என்று உலகத்தில் எவன் எழுதுவான்? நான்தான் எழுதுவேன். பழைய ஆபீசில், ஏதோ ஒரு கம்பெனிக்காக, பத்து நிமிஷத்தில், சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் எழுதியது. மூன்று முறை என்று வைத்ததும் நான்தான். யாரும் மூன்று என்று சொல்லவில்லை. எண் போட ஒரு இடம் இருந்தது, போட்டேன்.

"இத எழுதுனவன் மட்டும் கையில கெடைச்சான்னா" என்று அண்ணன் தினப்படி அர்ச்சனையை ஆரம்பித்தார், "அடிக்க மாட்டனுங்க. ஒரே ஒரு சீசன் எங்கூட மொளகு பறிக்க உட்டுட்டு, அப்பறம் அவன் வெரலை இதுல வெக்கச் சொல்லுவேன். நீங்களும் அந்தத் தொழில்தானே, ஆருன்னு வெசாரிச்சுச் சொல்லுங்க."

"பெரிய கூட்டம்ணா அது. கண்டுபிடிக்க முடியாது" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன கோழைத்தனமான வாக்கியங்களில் அதற்கு முதலிடம்.

அவரோ மிஷினை ஏற்கெனவே ஜெயித்திருந்தார். மூன்றாவது முறையை யாரையும் தொடவிட மாட்டார். இரண்டு சிவப்பு விழுந்ததும், "போயி டீ குடிச்சுட்டு வாங்க, ஒரு மணி நேரமாவட்டும்" என்பார். ஒரு மணி நேரம் கழித்து வைத்தால் மிஷின் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மறுபடி இரண்டு, மறுபடி டீ. நாலு டீ குடித்துப் பச்சை வாங்கியவர்கள் உண்டு. பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டாவது பெஞ்சு வாங்கிப் போட்டதே இதனால்தான். அண்ணனுக்கும் இதே வழிதான். தினமும் காலையில் ஆபரேட்டரும் வலது கட்டைவிரலை வைத்துத்தான் நிலையத்தைத் திறக்க வேண்டும். மலை ஊர்களைத் தொகுதி தொகுதியாக நாடு என்பார்கள்; அதில் பைல் நாட்டில் அவருக்குச் சொந்தத் தோட்டம். விடிந்ததும் கிழங்கு உரித்துவிட்டு வருகிற விரல். அவருக்கு மட்டும் வேறு விரல் வைக்க அனுமதி கிடையாது, மூன்று சிவப்பு விழுந்தால் ஆபரேட்டர் உரிமையே ரத்து. அதனால் சில நாள் அவரும் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் தன் வேலையில் சேருவார்.

அந்த ஒரு மணி நேரச் சலுகை நான் வேண்டுமென்று வைத்ததல்ல. சோதனைக்காக எழுதிவிட்டு அழிக்க மறந்த இரண்டு வரி. அந்த மலையின் பாதி மிளகு என் மறதி வழியாகத்தான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கே செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் நானே கெடுத்தேன்.

பழைய ஆபீசிலேயே இன்னும் இருக்கிற நண்பன் ஒருவன் போன் செய்தான். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். டீ, பெஞ்சு, நோட்டு, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். நன்றாகக் கதை சொல்கிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. எங்கள் ஜாதிக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பிழை கண்ணில் பட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பிழையை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

பத்து நாள் கழித்து, சீசன் உச்சத்தில், காலம் தவறி ஒரு தூறல் பிடித்தது. கீழே முப்பது மூட்டைகள் காத்திருந்தன. காய்ந்த மிளகு ஈரம் வாங்கிவிட்டால் பூசணம்தான். லாரி சாயங்காலம் மலையிறங்கிவிடும், அடுத்த லாரி அடுத்த வாரம். அண்ணனின் விரல் அன்றைக்குப் பார்த்துப் பிடிக்கவில்லை. இரண்டு சிவப்பு விழுந்தது. வழக்கம்போல டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் மாடியில் ஹெட்ஃபோனோடு மீட்டிங்கில் இருந்தேன். முடிந்ததும் போனைப் பார்த்தேன். நண்பன் காலையிலேயே செய்தி போட்டிருந்தான்: 'உன் டீக்கடைப் பிழையை நேத்து சரிபண்ணி அனுப்பிட்டோம். சூப்பர்டா.' பக்கத்தில் தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்று.

படியில் இரண்டு இரண்டாகத் தாவினேன். கீழே மூட்டைக்காரர்கள் சூழ நின்றார்கள். செல்லாயி அக்கா தன் சேலை முந்தானையால் மூட்டையைப் போர்த்திப் பிடித்திருந்தார். அண்ணன் கட்டைவிரலைத் தலையில் ஒருமுறை தேய்த்துக்கொண்டு குனிந்தார்.

"அண்ணா, வைக்காதீங்க!"

"ஒரு மணி நேரம் ஆயிப்போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார்.

கீய்ங். 'தங்கள் முயற்சிகள் நிறைவுற்றன.'

என் தமிழ்தான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அண்ணன் திரையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "மறுபடி வெக்கலாமே" என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டார். மிஷின் விளக்கை அணைத்துவிட்டது. செல்லாயி அக்கா, "உடுங்க தம்பி, அடுத்த வாரம் வாரேன்" என்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தூறலில் நடந்தார். அந்த மூட்டை அடுத்த வாரம் வரவில்லை. பூசணம் பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ரேகை விழாத ஆளை வைத்துக்கொள்ள வழியில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒன்பது வருஷ வேலை. நண்பனுக்குப் போன் செய்து கெஞ்சினேன், முறைப்படி புகார் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: 'வடிவமைத்தபடியே வேலை செய்கிறது.' அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன்! வாங்கிப் பார்த்தால்தான் அதன் ருசி தெரிகிறது. மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து புது ஆபரேட்டர் பெண் ஒருத்தி வந்தாள். அண்ணன் தானே தேடி வந்து அவளிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு பைல் நாட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியரே. டீ வெக்கச் சொல்லட்டுங்களா?"

"அண்ணா, அதை எழுதுனவன் நான்தான். அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான்."

கத்தி நின்றது. என் வலது கையை இழுத்து, கட்டைவிரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரேகை அச்சடிச்சாப்புல இருக்குதுங்க" என்றார். பிறகு கேட்டார்: "மூணுன்னு ஏன் போட்டீங்க?"

"சும்மாதாண்ணா போட்டேன்."

"சும்மாவா?" என் விரலை விட்டுவிட்டார். "பெருசா ஏதோ காரணம் இருக்குமின்னு இத்தன வருசமா நெனச்சிருந்தனுங்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து நின்றேன். அவர் அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார். நிமிராமலே, ரேகை விழாத ஒவ்வொரு ஆளிடமும் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"மறுபடி எழுதுங்க சாமி."

அந்த வரிகளை மறுபடி எழுதிவிட்டேன். புகாரோடு சேர்த்துப் பழைய ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். முடிந்தது என்று புகாரை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மறுபடி திறக்கிறேன், அவர்கள் மறுபடி மூடுகிறார்கள். ஹெட்ஃபோன் மேஜையில் தூசி படிந்து கிடக்கிறது. கீழே இப்போது நல்ல அமைதி. அந்தப் பெண் அதிகம் பேசுவதில்லை. நான் ஆசைப்பட்டு வந்த அமைதி இதுதான். இதில் எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

போன வாரம் மீட்டிங்கில் மேலாளர் அம்மாள் திடீரென்று கேட்டார்: "உங்க டீம்ல ஒருத்தர் மறுபடி மறுபடின்னு சொல்லிட்டே இருப்பாரே, அவர் குரலையே காணோமே?"

"லீவுல இருக்காரு மேடம்" என்றேன். "வந்துடுவாரு."