வெர்லீன் பெரியம்மாவின் செவ்வாய்க்கிழமை அறை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய வெர்லீன் பெரியம்மாவுக்கு,

டானெட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கெல்வினும் குழந்தை நியாவும் நலம். அங்கே ஹெலினாவில் உங்கள் முழங்காலும் சர்ச் பாடகர் குழுவும் நலமாயிருக்கக் கர்த்தர் அருள்வாராக. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது.

"பதினோரு வருஷமா உங்க கேசினோவுக்கு வர்றவளுக்கு இனிமே இலவச ரூம் கிடையாதுன்னு கார்டு போட்டிருக்கீங்க. நீ அங்க உக்காந்து என்னத்தடி கிழிக்கிற?" என்று கேட்டிருந்தீர்கள். அதைத்தான் பெரியம்மா கிழிக்கிறேன். யாருக்கு ரூம், யாருக்கு இல்லை என்று கணக்குப் போடுவதுதான் நான் படித்த படிப்புக்கு இந்தக் கம்பெனி கொடுத்த வேலை. அந்தக் கார்டு போன நாலாயிரம் பேரில் உங்கள் பெயரும் இருந்ததை நான் கவனிக்கவில்லை, சத்தியமாக.

விஷயம் இதுதான். செவ்வாய், புதன் எங்கள் ஹோட்டலில் பாதி அறை காலி. காலி அறையில் ஒருவரைத் தூங்க வைக்க எங்களுக்கு ஆகும் செலவு, வெளுப்பு, சோப்பு, பெருக்கும் கூலி எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு டாலர். நீங்கள் சூதாட்ட மெஷினில் பொத்தானின் ஒரு அழுத்துக்கு முக்கால் டாலர் வைத்து நாலு மணி நேரம் உட்கார்ந்தால், நூற்று முப்பத்தைந்து டாலர் தோற்பீர்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நீங்கள் ஜெயித்துவிட்டாலும் பாதகமில்லை, தோற்க வேண்டியவர் என்ற மரியாதை உங்களுக்குக் குறையாது. அதனால்தான் அறை இலவசம், நண்டுக்கால் இலவசம், பிறந்தநாளுக்குப் போர்வை இலவசம். ஆனால் நியா பிறந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் வேலை பார்க்கும் அந்த இரண்டு நாளும் மேலே அறையில் குழந்தையோடு தரையில் உருண்டீர்கள், பாட்டுப் பாடினீர்கள், மெஷின் பக்கமே வரவில்லை. சர்ச்சில் கேட்டால் "சொந்தக்காரங்களப் பாக்கப் போறேன்" என்று முன்பெல்லாம் சொல்வீர்களே, அதை நிஜமாக்கிவிட்டீர்கள். கம்பெனி பார்வையில் அது துரோகம்.

நீங்கள் வராததால் நியாவை ஆபீசுக்கே தூக்கிவந்தேன். என் மேசைக்கடியில், மூன்று ஹோட்டல் வரவுசெலவு அறிக்கைகளின் மேல் போர்வை விரித்து. மேனேஜர் பிரென்டிஸ் குனிந்து பார்த்தார். "டானெட், கால் வருஷ அறிக்கைய யாரோ திங்கிறாங்க."

"குழந்தை, சார். பல்லு முளைக்குது."

"பல்லு முளைக்கட்டும்மா, இங்க வேண்டாம். மாசக் கடைசிக்குள்ள ஆள் பாரு. இல்லேன்னா நான் உன் எடத்துக்கு ஆள் பாக்கணும்."

அது மாச ஆரம்பத்தில். இப்போது கடைசிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. வேலை போனால் வீட்டுத் தவணை போகும், கெல்வினுக்குத் தானியக் கிடங்கில் கிடைப்பது டிரக்குக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரி. எங்கள் தெருவில் பிள்ளை பார்க்கும் மிஸ் ஆர்டெல்லா வாரத்துக்கு நூற்றறுபது கேட்கிறாள், கேட்டதும் எனக்கு மயக்கமே வந்தது. அப்போதுதான் நியாவின் பையில் நீங்கள் விட்டுப்போன மெம்பர் கார்டு கிடைத்தது. அதை மெஷினில் செருகி யார் விளையாடினாலும் கணக்கு உங்கள் பெயரில்தானே ஏறும். இங்கே வேலை பார்ப்பதால் எனக்கு விளையாட அனுமதி இல்லை. அதனால் கெல்வினிடம் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம், முக்கால் டாலருக்கு மேல் வைக்காதே என்று சொல்லி அனுப்பினேன். செய்வது தப்புதான், தெரியும். மெஷின் "நல்வரவு, வெர்லீன்!" என்று எழுதிக் காட்டியதாம், இவரும் தொப்பியைத் தூக்கி வணங்கினாராம். முதல் நாளே இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் ஜெயித்துவிட்டு வந்து நின்றார்.

"எனக்கு இதுல ஆசையே கிடையாது டானெட். பெரியம்மாவுக்காகத்தான் போறேன்."

"சாப்பிட்டியா?"

"பெரியம்மாவுக்காகப் பட்டினி கெடந்தேன்."

இப்படி மூன்று வாரம் உங்களுக்காக உழைத்திருக்கிறார். பலன், உங்கள் பெயர் மறுபடி இலவச அறை கிடைக்கும் தங்க வரிசைக்கு வந்துவிட்டது. வரும் செவ்வாய் முதல் அறை தயார். கோபத்தை ஆற்றில் போட்டுவிட்டு, பாலத்தைத் தாண்டி வந்துவிடுங்கள். நியா உங்களைத் தேடுகிறாள். என் வேலையும் உங்கள் மடியில்தான் இருக்கிறது.

உங்கள் ஜெபத்தில் எங்களை நினையுங்கள். பாடகர் குழுவில் எல்லோருக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை மகள்,
டானெட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் அறை எண்ணைக் குறித்து அனுப்பலாமே என்று கம்ப்யூட்டரில் உங்கள் பெயரைத் தட்டினேன். உங்களுக்குச் சாதாரண அறை இல்லையாம், ஆற்றைப் பார்த்த பெரிய சூட் அறையாம், வாசலில் வரவேற்க ஆளாம். ஏன் இவ்வளவு மரியாதை என்று கீழே பார்த்தால், ஒரு அழுத்துக்கு ஐந்து டாலர். மூன்று வாரத்தில் நீங்கள் தோற்றது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மிஸ் ஆர்டெல்லாவிடம் பேசி முடித்துவிட்டேன், நியா வரும் வாரம் முதல் அங்கே போகிறாள். ஆனால் நீங்கள் அவசியம் வாருங்கள் பெரியம்மா. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை கெல்வினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.