சிப்பு சித்தரின் செப்புத் தகடு

அன்றைக்கு ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் தக்காளி போணியாகவில்லை. கருவாட்டுக்கு ஈ மட்டுமே வந்தது. சனம் மொத்தமும் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டிருந்த காவிப் பந்தலில் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு லேப்டாப். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்த மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

பந்தலில் வீற்றிருந்தவர் சிப்பு சித்தர். பெற்றோர் வைத்த பெயர் ஆதிநாராயணன். அந்தப் பெயருக்கு இவ்வளவு கூட்டம் வராது. கழுத்தில் ருத்ராட்ச மாலை, அதன் நடுவே பதக்கமாகப் பழைய கம்ப்யூட்டர் சிப் ஒன்று. புலித்தோல் கிடைக்காத காலம் அல்லவா? மவுஸ் வைக்கும் அட்டைகளைத் தைத்து ஆசனமாக்கியிருந்தார்.

"டெஸ்க்டாப்பு ஒரே எடத்துல குந்தித் தவம் பண்ணுது. அதான் அதோட புராசசருக்கு அவ்ளோ வேகம். லேப்டாப்பு ஊர் சுத்துற ஜென்மம். மலையேறி வர்றப்ப வளைவுக்கு வளைவு கண்ணு பட்டுடுது. கீழ நல்லா ஓடுன மெஷினு மேல வந்ததும் மூச்சு வாங்குதா இல்லியா?"

"வாங்குது சாமி!"

சித்தர் பக்கத்தில் வைத்திருந்த தன் டெஸ்க்டாப், பக்தர் ஒருவரின் லேப்டாப் என இரண்டு மெஷினிலும் ஒரே வேலையைக் கொடுத்தார். டெஸ்க்டாப் திரையில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு பாய்ந்து ஓடியது. லேப்டாப் திரையில் முழங்கால் வலிக்காரர் போல நகர்ந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. சித்தர் எலுமிச்சம்பழம் சுற்றினார். லேப்டாப்பின் அடியில் செப்புத் தகடு ஒட்டினார். பிறகு மஞ்சள் கயிறு சுற்றிய ஒரு வயரை எடுத்து, "இது சக்தி நாடி" என்று கண்ணில் ஒற்றிச் செருகினார். கோடு குதித்து ஓடியது! டெஸ்க்டாப்பை விடக் கொஞ்சம் பின்தங்கியதற்கும் விளக்கம் இருந்தது: கொண்டுவந்தவருக்குப் பக்தி போதவில்லையாம்.

வரிசையின் கடைசியில் திரௌபதி நின்றாள். சித்தருக்குக் காணிக்கையாக மற்றவர்கள் புளியும் தேனும் கொண்டுவந்திருக்க, இவள் இடுப்பில் ஒரு சாமை மூட்டை. ஆடியில் விதைக்க வைத்திருந்த விதைச் சாமை. அதைக் கொடுத்துவிட்டால் இந்த வருஷம் நிலம் சும்மா கிடக்கும். ஆனால் மகள் சிவசங்கரிக்கு வேலை கிடைக்க வேண்டுமே! கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் கம்பெனி ஒன்று ஒரு வீடியோ அனுப்பி, அன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தால் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லியிருந்தது. லேப்டாப்போ வீடியோ வேலையைத் தொட்ட மூன்று நாளாக நத்தையாக ஊர்ந்தது.

திரௌபதி அந்த லேப்டாப்பைக் கண்போலக் காத்தவள். போன மழையில் இடி விழுந்து பக்கத்து வீட்டு டிவி வெடித்ததிலிருந்து, சார்ஜ் ஏறியதும் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் மகளை வேலை செய்ய விடுவாள். அவள் மட்டுமல்ல, மலையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"யம்மா, விதைய குடுத்துட்டு இன்னா பண்ணப் போறோம்?" என்றாள் சிவசங்கரி.

"சாமி பாத்துக்கும். நீ மூடிக்கினு நில்லு. சார்ஜு எவ்ளோ இருக்குது?"

"தீரப் போவுது."

திரௌபதிக்கு மனசு கேட்கவில்லை. வயிறு காய்ந்த பிள்ளையைச் சாமி முன் நிறுத்தலாமா? நேரே தேவராஜின் டீக்கடைக்குப் போனாள். "அண்ணே, இதுக்குக் கொஞ்சம் கரண்ட்டு குடுங்க. பசியோட கீது." தேவராஜ் சிரித்துக்கொண்டே பாய்லர் பக்கத்துப் பிளக்கைக் காட்டினார். பலகாரத் தட்டையும் நகர்த்தி இடம் கொடுத்தார். காசு கேட்கவில்லை.

நேரம் போகிறதே என்ற பதற்றத்தில், வயர் செருகியபடியே சிவசங்கரி வீடியோவைத் திறந்து ஓட்டினாள். கோடு பாய்ந்தது.

"யம்மா! ஓடுது!"

"இன்னாடி இது? சாமி இன்னும் பார்க்கவே இல்லியே!"

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஃபாயிசா எட்டிப் பார்த்தாள். வாணியம்பாடியிலிருந்து அப்பா மக்பூலோடு புளி வாங்க வருகிறவள், திரௌபதிக்குப் பழக்கம்.

"அக்கா, இப்ப வயரைப் பிடுங்குங்க."

பிடுங்கினாள். கோடு ஊர்ந்தது.

"செருகுங்க."

பாய்ந்தது.

"சாமி கீழ எறங்கி வந்து பிளக்குல பூந்துக்கினாரா அக்கா?" ஃபாயிசா சிரித்தாள். "பேட்டரில ஓடுறப்ப, தீந்துடப் போவுதேன்னு லேப்டாப்பு கஞ்சத்தனமா ஓடும். டெஸ்க்டாப்பு எப்பவும் செவுத்துலேந்து நேரா குடிக்குது. உள்ள பெரிய காத்தாடி வேற இருக்குது, சூடு ஏறாது. அதான் எப்பவும் ஒரு படி முந்தும். இதுல கண்ணும் இல்ல, தோஷமும் இல்ல."

திரௌபதி மகளை வேலையை முடிக்கச் சொல்லிவிட்டு, மூட்டையோடு பந்தலுக்குள் போனாள். ஃபாயிசா பின்னாலேயே வந்தாள். அங்கே தகடு ஒட்டிய லேப்டாப் ஒன்று ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, தகடு இருக்கட்டும். அந்த மஞ்ச வயரை மட்டும் எடுங்க, பாப்போம்" என்றாள் திரௌபதி.

சித்தருக்கு வேர்த்தது. "நாடிய அறுத்தா குடும்பத்துக்கு ஆவாது தாயே!"

"எங் குடும்பந்தானே? நானே எடுக்கறேன்." கன்னத்தில் போட்டுக்கொண்டு பிடுங்கினாள். வயர் வந்தது, வேகம் போனது. தகடு மட்டும் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஃபாயிசா தகட்டைப் பெயர்த்து வயரைச் செருகினாள். வேகம் திரும்பி வந்தது.

கூட்டம் தகட்டையும் வயரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப தகடு எதுக்கு சாமி?" என்றார் ஒருவர்.

"எங் கடை பாய்லர்ல ஒட்டுங்க, டீ சீக்கிரம் கொதிக்குதா பாக்கலாம்!" என்று தேவராஜ் டீக்கடையிலிருந்தே குரல் கொடுத்தார்.

சிரிப்பு கிளம்பியதும் சித்தரின் அருள் மலையேறிவிட்டது. அவரவர் புளியும் தேனும் அவரவர் கைக்குத் திரும்பின. ஆதிநாராயணன் மவுஸ் அட்டை ஆசனத்தைச் சுருட்டினார். திரௌபதி டீ ஒன்று வாங்கி நீட்டினாள்.

"குடிங்கண்ணே. இவ்ளோ வெவரம் தெரிஞ்சவரு, வயரைச் செருகிட்டு வேலை செய்ங்கடான்னு சொல்லிக் குடுத்திருந்தா நாங்களே கும்புட்டிருப்போமே!"

அவர் வாங்கிக் குடித்தார். சூடு போல, கண் கலங்கியிருந்தது.

சிவசங்கரி வெளிச்சம் இருக்கும்போதே வீடியோவை அனுப்பிவிட்டாள். விதைச் சாமை ஆடியில் நிலத்துக்குப் போனது. திரௌபதி இன்றும் தினமும் காலையில் லேப்டாப்புக்கு விபூதி வைக்கிறாள்; ஆனால் வைப்பதற்கு முன் வயர் செருகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். இடி இடித்தால் மட்டும் பிடுங்குகிறாள்.

கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தெய்வம் கோபிக்காது. விதை மூட்டையை நீட்டும்போதாவது திறந்து வையுங்கள். அந்தக் கண்ணைக் கொடுத்ததும் அதே தெய்வம்தான்.