சுவரோரப் பெஞ்சு: ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் ஊரின் பழைய துறைமுகத்தைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பு நிகழ்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேசைகளில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் அந்தத் துறைமுகம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. கப்பல் வந்தது, மூட்டை இறங்கியது, மனிதர்களுக்கு முதுகு போனது. போன முதுகுகளில் ஒன்று என் அப்பாவுடையது. பெரிய கப்பல்களெல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டாலும், சின்னக் கப்பல்கள் இன்னமும் இங்கேதான் ஒதுங்குகின்றன. ஆனால் இதையெல்லாம் இதுவரை பார்த்தவர்கள் படிக்காதவர்கள் என்பதால், பார்த்ததாகக் கணக்கில் சேராது.

"மொத்தமும் காலி இடம்" என்றார் திட்ட இயக்குநர், வரைபடத்தின் மீது விரலை ஊன்றி. அந்த விரலுக்கு அடியில் எங்கள் தெரு இருந்தது.

இவ்வாறாகக் காலியாகக் கிடந்த இடத்தில் 'புத்தாக்க வட்டாரம்' பிறந்தது. அதில் நான் 'சமூக இணைப்பு அலுவலர்'. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அலுவலகத்துக்குப் பட்டம் வாங்கிய ஒருத்தியும் தேவைப்பட்டாள், துறைமுகத்தில் பிறந்த ஒருத்தியும் தேவைப்பட்டாள். இரண்டு பேரையும் ஒரே சம்பளத்தில் எடுத்துக்கொண்ட சிக்கனத்தை நான் பாராட்டாமல் வேறு யார் பாராட்டுவது?

வட்டாரத்தின் முதல் சாதனை, துரு. பழைய பாரந்தூக்கியைக் 'காலத்தின் சாட்சி'யாக நிறுத்தி வைப்பது என்று முடிவு. ஆனால் அதிலிருந்த துரு, தொட்டால் கையில் ஒட்டியது. எனவே அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, துரு நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். வெளிநாட்டு பெயின்ட். இப்போது அது முன்பைவிடத் துருப்பிடித்தது போல இருக்கிறது, கையிலும் ஒட்டுவதில்லை. ஆலோசகர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் உண்மைத்தன்மை" என்றபோது எனக்கே கண் கலங்கியது. பெயின்ட் நெடி.

இரண்டாவது சாதனை, விதி. வட்டாரத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் கடைகள் யாவும் தேர்வுக் குழுவின் முன் தங்கள் 'புதுமை'யை நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் கிளம்பலாம். அப்படி எஞ்சியிருந்தது ஒரே ஒரு கடை. துறைமுக வாசலுக்கு எதிரே, கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. என் அம்மாவுடையது. அப்பா படுத்த பிறகு எங்களைச் சாப்பிட வைத்ததும், என்னைப் பட்டதாரி ஆக்கியதும் அந்த பாய்லர்தான்.

"புதுசா என்னடி பண்ணணும்?" என்றாள் அம்மா, நான் விஷயத்தைச் சொன்னதும்.

"எதுவும் பண்ண வேணாம்மா. பண்ணப் போறதா சொல்லணும்."

"ஏலக்காய் தட்டிப் போடவா?"

"அது புதுமை இல்லம்மா. ருசி."

"ருசியா இருந்தா ஆகாதா?"

"அதுக்கு அவங்ககிட்ட மார்க் கிடையாது."

அம்மா அலமாரியை எட்டிப் பார்த்தாள். "உன் அதிகாரிங்க வர்றப்ப நல்ல டம்ளரை எடுத்து வெக்கிறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீதானே படிச்சவ, நீ பாத்துக்கோ."

நான் பார்த்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல் குழுவை அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு குழுவுக்குத் தூக்கம் வரும் என்ற காரணத்தால், காலையிலேயே வந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் வாசல் காவலரிடம் மாட்டிக்கொண்டிருந்தார். அவரை மீட்க நான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் வரலாறு நடந்துவிட்டது.

இந்த இடத்தில் அம்மாவின் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடையில் இரண்டு பெஞ்சுகள். தெருவோரத்தில் ஒன்று, சுவரோரத்தில் ஒன்று. தினமும் காலையில் மேஸ்திரி வாசலில் நின்று, அன்றைய வேலைக்கு ஆட்களைக் கைகாட்டி எடுப்பார். அப்புறம் சங்கு ஊதும். சங்கு ஊதிய பிறகு ஒருவர் சுவரோரப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், அவருக்கு இன்று வேலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். அவர் எதுவும் கேட்க வேண்டியதில்லை. டீ தானாக வரும். வேலை கிடைத்தவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, அலமாரியில் இருக்கும் டப்பாவில் எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள். யார் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று அம்மா திரும்பிப் பார்த்ததில்லை. அந்தப் பெஞ்சில் இருப்பவரிடம் யாரும் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார்கள். எழுதாத சட்டம். இன்று போடுகிறவர் நாளை அங்கே உட்காருவார்.

தேர்வுக் குழு, சங்கு ஊதிய பிறகு வந்து, நிழலாக இருக்கிறதே என்று சுவரோரப் பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருந்தது.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. புத்தாக்க வட்டாரத்தில் கோட்டு சூட்டெல்லாம் பழமையின் அடையாளம். இயக்குநர் முழங்காலில் கிழிந்த பேன்ட் அணிந்திருந்தார். ஆலோசகரின் சட்டை கசங்கியிருந்தது, கசங்கியதாகவே கடையில் வாங்கியது. முகத்தில் நாலு நாள் தாடி. காலில் ஷூ இருந்தது, சாக்ஸ் இல்லை. வேலை நேரத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்து வாசலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பேசாமல் டீயைக் கொண்டுபோய் நீட்டினாள். சாதா டம்ளரில். நல்ல டம்ளர்கள் அதிகாரிகளுக்காக உள்ளே காத்திருந்தன.

குடித்து முடித்து இயக்குநர் பணத்தை எடுத்தார்.

"வெச்சுக்கோங்க தம்பி" என்றாள் அம்மா. "நாளைக்குக் கிடைக்கும்."

"என்ன கிடைக்கும்?"

"வேலைதான்."

சுமைகாரர் ஒருவர் தெருவோரப் பெஞ்சில் இருந்தார். இரும்புக் கொக்கியைத் தோளிலிருந்து கழற்றவே மாட்டார் என்பதால் அவர் பெயரே கொக்கி. எழுதாத சட்டத்தை அவர் அன்றைக்கு மட்டும் மீறினார். உள்ளே சரக்கு இறக்கத் தொடங்கத் தாமதம், வாயும் சும்மா இருந்தது.

"பாவம்க்கா, ரொம்ப நாளா இல்ல போலிருக்கு. கையைப் பாருங்க, பூவாட்டம் இருக்கு" என்றவர், ஆலோசகரிடம் திரும்பினார். "தம்பி என்ன வேலை செய்வீங்க?"

"நான் சிந்தனைத் தலைவர்."

"அப்படின்னா?"

"யோசிப்பேன்."

"அது சரி. கொஞ்சம் தூக்கவும் செய்வீங்களா?"

"இல்ல, மத்தவங்க என்ன யோசிக்கணும்னு யோசிச்சுச் சொல்வேன்."

கொக்கி உண்மையான அனுதாபத்தோடு தலையாட்டினார். "கஷ்டம்தான். மேஸ்திரிகிட்ட வேணா சொல்லிப் பாக்குறேன். ஆனா யோசிக்கிறேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க, எடுக்கவே மாட்டாரு."

நான் புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தது அப்போதுதான். இயக்குநரின் முகம் பாரந்தூக்கியின் நிறத்துக்கு வந்திருந்தது. கடை போயிற்று, அம்மா போனாள், நானும் போனேன் என்று நினைத்து, மூச்சு வாங்காமல் அந்தப் பெஞ்சின் கதையை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஆலோசகர் எழுந்து நின்றார்.

"இது டீக்கடை இல்ல" என்றார். "இது நம்பிக்கை அடிப்படையிலான பானப் பகிர்வுத் தளம்."

"அப்படியா?" என்றாள் அம்மா, பயந்துபோய். "நான் லைசென்ஸ் டீக்கடைன்னுதானே வாங்கினேன்?"

அன்றே தீர்மானம் நிறைவேறியது. அம்மாவின் கடை 'மரபுவழிப் புதுமை'. அது நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும். புகைப்படக்காரர் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார். அம்மாவை மட்டும், வெளிச்சம் போதவில்லை என்று, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று வீட்டில் நாங்கள் பட்ட சந்தோஷத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்பா படுத்தபடியே அம்மாவை "தளம்மா" என்று கூப்பிட்டுச் சிரித்தார்.

பாதுகாப்புத் திட்டம் வேகமாகத் தயாரானது. பாரந்தூக்கியின் துருவைப் பாதுகாத்த அதே முறைதான். பழைய பெஞ்சின் இடத்தில் உணர்வுத் திறன் கொண்ட பெஞ்சு. பாய்லரின் இடத்தில் இயந்திரம். ஒருவர் உட்கார்ந்தால் இயந்திரம் விழித்துக்கொண்டு அவர் முகத்தைப் படம் பிடிக்கும். பிறகு இனிமையான பெண் குரலில், தெருமுனை வரை கேட்கும்படி, "வணக்கம்! இன்று உங்களுக்கு வேலை கிடைக்கவில்லையா?" என்று விசாரிக்கும். ஆம் என்று அழுத்தினால் காரணம் கேட்கும். காரணம் சொன்னால் டீ.

"சார், அங்க யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுதான் சார் அந்தப் பெஞ்சே" என்றேன் நான் கூட்டத்தில்.

"கேக்கலைன்னா தரவு எப்படி வரும்?" என்றார் ஆலோசகர்.

அதற்குப் பதில் சொல்லுமளவுக்கு நான் படிக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கடையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. நான் இயக்குநரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். அந்த அறைக்குக் கதவு கிடையாது. வெளிப்படைத்தன்மை.

"நிரந்தரமா பாதுகாக்கிறதா சொன்னீங்களே சார்?"

"எண்ணத்தைப் பாதுகாத்தாச்சே. அது இப்ப வட்டாரத்தோட சொத்து. ஒரே எண்ணத்தை ஒரே வளாகத்துல ரெண்டு பேர் நடத்தினா எப்படி? உங்கம்மா நம்மளைக் காப்பி அடிக்கிற மாதிரி ஆகுதில்ல?"

"நான் பொறக்கிறதுக்கு முன்னாடியிருந்து செய்றாங்க சார்!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். இத்தனை வருஷமா அனுமதியே இல்லாம பயன்படுத்தியிருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நாம பழசையெல்லாம் கிளறப் போறதில்ல. உங்களுக்காக."

இப்படிப்பட்ட பெருந்தன்மையை நான் பாடப் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை. ஏன் அன்றே வேலையை விட்டெறியவில்லை என்று கேட்பீர்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சம்பாதிக்கும் ஆள் நான் மட்டும்தான். வட்டாரம் இதையும் யோசித்தே செய்திருக்கும். யோசிப்பவர்கள் அங்கே நிறைய.

பாய்லரைச் சுமைகாரர்கள் தூக்கிவந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்தார்கள். அம்மா அதைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலை பழக்கத்தில் இருட்டோடு எழுந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், அதையே மறுபடியும் தேய்த்தாள்.

திறப்பு விழா அன்று பந்தல், மேடை, சிறப்பு விருந்தினர், கேமராக்கள். மைக் என் கையில். எல்லாம் இருந்தன, பெஞ்சில் உட்கார ஆள்தான் இல்லை. "ஒரு பயனாளி! ஒரே ஒரு பயனாளி!" என்று இயக்குநர் என் காதில் சீறினார். சுமைகாரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். பெஞ்சுக்கு வரும்படி நான் கொக்கியை அழைத்தேன்.

"எனக்கு இன்னைக்கு வேலை இருக்கும்மா" என்றார் கொக்கி. அவருக்கு அன்று வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். அடுத்தவரைக் கேட்டேன். அவருக்கும் வேலை இருந்தது. அன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லை. வட்டாரத்தின் பொருளாதார வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்போது கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "நகருங்கப்பா. நான் உக்காருறேன். எனக்கு நெசமாவே இல்ல."

அம்மா கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்து பெஞ்சில் அமர்ந்தாள். இயந்திரம் விழித்தது. "வணக்கம்! இன்று உங்களுக்கு வேலை கிடைக்கவில்லையா?" என்றது. கேமராக்கள் மின்னின. அம்மா நான் காட்டிய 'ஆம்' பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் வந்தன.

"என்னடி போட்டிருக்கு?"

"ஏன் வேலை இல்லைன்னு காரணம் கேக்குதும்மா." மைக் என் கையில் இருந்தது. அதை நான் வாயிலிருந்து விலக்கவில்லை. "நாலு இருக்கு. உடல்நலக் குறைவு. திறமைக் குறைவு. விருப்பமின்மை. மற்றவை."

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு மேடையில் இருந்த இயக்குநரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அந்தத் தம்பி பேரு இதுல எங்கடி வருது?"

ஒலிபெருக்கி அதையும் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனது. சிறப்பு விருந்தினர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சிரித்த முகத்தோடு, என்னிடம் சொன்னார்:

"'மற்றவை'யை அழுத்தச் சொல்லுங்க."

அம்மா அழுத்தினாள். டீ வந்தது. மேடை கை தட்டியது.

புத்தாக்க வட்டாரம் இதுவரை புதிதாக ஒன்றையும் உருவாக்கவில்லை என்று பொறாமைக்காரர்கள் பேசித் திரிகிறார்கள். அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். விடிந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும் என் அம்மா என்ற ஒன்று இந்த உலகத்தில் இதற்கு முன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது முழுக்க முழுக்க அவர்களுடைய படைப்பு.